குகையில் எழுதுகோல் இல்லை

நீங்கள் கேட்டதை ஒருமுறை திருப்பிச் சொல்லிக்கொள்கிறேன். ரபி ஷிமோன் பர் யோகாய் என்ற யூத ஞானி ரோமர்களுக்குப் பயந்து 13 வருடம் குகையில் ஒளிந்திருந்தார், அங்கே உட்கார்ந்துதான் ஸோஹர் என்ற மறைஞான நூலை எழுதினார் என்று ஒரு காணொளியில் பார்த்திருக்கிறீர்கள். வேறோர் இடத்தில், அது 13ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் ஒருவர் எழுதி விற்ற போலி நூல் என்று படித்திருக்கிறீர்கள். எது உண்மை என்கிறீர்கள். பார்வைக்கு ஒரு கேள்வி, உள்ளே மூன்று இருக்கின்றன. குகைக் கதை எங்கிருந்து வந்தது? நூலை எழுதியது யார்? எழுதியவர் ஏமாற்றுக்காரரா? முதல் இரண்டுக்கும் ஓரளவு திடமாகவே பதில் சொல்லலாம். மூன்றாவதற்கு என் அபிப்பிராயம்தான் கிடைக்கும்.

நான் ஒரு இறையியல் கல்லூரியில் எபிரேயமும் அரமேயமும் இருபது வருடத்துக்கு மேல் பாடம் எடுத்தவன். யூதன் அல்ல, யெஷிவா என்ற யூத வேதப் பள்ளியில் குருவின் எதிரே உட்கார்ந்து பாடம் கேட்டவனும் அல்ல. தல்மூத் என்ற யூதச் சட்ட, விளக்கத் தொகுப்பில் உள்ள கதைப் பகுதிகளை மூலத்தில் படித்துவிடுவேன். ஸோஹரைப் பக்கத்தில் மொழிபெயர்ப்பை விரித்து வைத்துக்கொள்ளாமல் தொட மாட்டேன். அந்த அளவுக்குத்தான் என் பேச்சுக்கு மதிப்பு.

முதலில் குகை. இந்தக் கதை பாபிலோனியத் தல்மூத்தில், சப்பாத் என்ற ஓய்வுநாள் பகுதியின் 33ஆம் ஏட்டில் இருக்கிறது. 132 முதல் 135 வரை ரோம ஆட்சிக்கு எதிராக யூதர்கள் நடத்திய பர் கோக்பா கலகத்தை ரோமர்கள் நசுக்கி முடித்த பிறகான காலம். மூன்று ரபிகள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். ரபி யெஹூதா சொல்கிறார்: இந்த ரோமர்களின் வேலைதான் எவ்வளவு நன்றாக இருக்கிறது, சந்தை கட்டினார்கள், பாலம் கட்டினார்கள், குளியல் கூடம் கட்டினார்கள். ரபி யோசே வாயைத் திறக்கவில்லை. ரபி ஷிமோன் பொறுக்க மாட்டாமல் சொல்கிறார்: எல்லாம் தங்களுக்காகக் கட்டிக்கொண்டது. சந்தை வேசிகளை உட்கார வைக்க, குளியல் கூடம் தங்கள் உடம்பைப் பேண, பாலம் சுங்கம் வாங்க. பக்கத்தில் இருந்த ஒருவர் இதை வெளியே போய்ச் சொல்ல, விஷயம் அரசாங்கத்தின் காதுக்குப் போய்விட்டது. தீர்ப்பும் வந்தது. புகழ்ந்தவனுக்குப் பதவி, சும்மா இருந்தவனுக்கு நாடு கடத்தல், பழித்தவனுக்கு மரணம்.

ரபி ஷிமோனும் மகன் எலெயாசாரும் முதலில் படிப்பு மண்டபத்திலேயே ஒளிந்துகொள்கிறார்கள். மனைவி தினமும் ரொட்டியும் ஒரு குடம் தண்ணீரும் கொண்டுவந்து தருகிறாள். கெடுபிடி அதிகமானதும், சித்திரவதை செய்தால் அவள் சொல்லிவிடுவாளோ என்று பயந்து, அவளுக்கும் தெரியாமல் ஒரு குகைக்குப் போய்விடுகிறார்கள். அங்கே அற்புதமாக ஒரு கரோப் மரமும் ஒரு நீரூற்றும் உண்டாகின்றன. (வேதாகமத்தில் கெட்ட குமாரன் கதையில் பன்றிகள் தின்னும் 'தவிடு' என்று தமிழில் போட்டிருக்கிறதே, கிரேக்க மூலத்தில் அது இந்த மரத்தின் காய்தான்.) துணி நைந்துபோகக் கூடாது என்று அதைக் கழற்றி வைத்துவிட்டு, கழுத்து வரை மணலில் புதைந்து உட்கார்ந்து நாள் முழுக்கத் தோரா என்ற வேதத்தைப் படிக்கிறார்கள். ஜெப நேரத்துக்கு மட்டும் எழுந்து உடுத்திக்கொள்கிறார்கள். இப்படி 12 வருடம்.

பிறகு எலியா தீர்க்கதரிசி குகை வாசலில் வந்து நின்று, பேரரசன் செத்தான், ஆணையும் ரத்தானது, பர் யோகாயிடம் இதை யார் சொல்வது என்று குரல் கொடுக்கிறார். அப்பனும் பிள்ளையும் வெளியே வருகிறார்கள். வயலில் ஜனங்கள் உழுதுகொண்டும் விதைத்துக்கொண்டும் இருக்கிறார்கள். நித்திய வாழ்வை விட்டுவிட்டு இந்த நாலு நாள் வாழ்வைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்களே என்று இவர்களுக்குக் கோபம். பார்த்த இடமெல்லாம் பற்றி எரிகிறது. உடனே வானத்திலிருந்து ஒரு குரல்: "என் உலகத்தை அழிக்கவா வெளியே வந்தீர்கள்? குகைக்கே திரும்பிப் போங்கள்!" இன்னும் 12 மாதம் உள்ளே. நீங்கள் கேட்ட 13 வருடக் கணக்கு இப்படித்தான் வருகிறது.

எனக்கு இந்தக் கதையில் உயிரான இடம் அடுத்தது. இரண்டாவது முறை வெளியே வந்தபோதும் மகன் கண் பட்ட இடம் புண்படுகிறது, அப்பா பார்வை பட்டு அது ஆறுகிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஓய்வுநாள் தொடங்கப் போகிறது. ஒரு கிழவர் வாசனை இலையுள்ள மிருதுச்செடியை இரண்டு கட்டாகக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறார். எதற்கு என்று கேட்டால், ஓய்வுநாளை வரவேற்க என்கிறார். ஒரு கட்டு போதாதா? "ஒன்று 'நினைப்பாயாக' என்பதற்கு, ஒன்று 'ஆசரிப்பாயாக' என்பதற்கு." பத்துக் கட்டளைகள் யாத்திராகமத்தில் ஒரு முறையும் உபாகமத்தில் ஒரு முறையும் வருகின்றன. ஓய்வுநாள் கட்டளை முன்னதில் ஸாகோர் என்றும் பின்னதில் ஷாமோர் என்றும் தொடங்கும். ஒரு கிழவர் அந்த ஒரு வார்த்தை வித்தியாசத்துக்காக இரண்டு கட்டு இலை பறித்துக்கொண்டு ஓடுகிறார். அதைப் பார்த்துத்தான் அப்பா பிள்ளை இரண்டு பேர் மனதும் ஆறியது என்கிறது தல்மூத். 12 வருடப் படிப்பு தராததை ஒரு கை இலை தந்தது.

அப்புறம் மருமகன் ரபி பின்காஸ் பென் யாயீர் வந்து மாமனாரைக் குளியல் கூடத்துக்குக் கூட்டிப்போகிறார். (முன்னே திட்டித் தீர்த்தாரே, அதே மாதிரி இடம். கதை சொன்னவருக்குக் குறும்பு இருந்திருக்கிறது.) உடம்பைத் தேய்த்துவிடும்போது தோலெல்லாம் வெடித்திருப்பதைப் பார்த்து அழுகிறார். கண்ணீர் புண்ணில் விழுந்து மாமனாருக்கு எரிகிறது. உங்களை இந்தக் கோலத்தில் பார்க்கிறேனே என்று மருமகன் புலம்ப, இந்தக் கோலத்தில் பார்த்தது உன் பாக்கியம், இல்லையென்றால் என்னிடம் இந்த அறிவைப் பார்த்திருக்க மாட்டாய் என்கிறார் மாமனார். இந்த மருமகனை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இதில் எது சரித்திரம்? ரபி ஷிமோன் என்று ஒருவர் 2ஆம் நூற்றாண்டில் இருந்தார், ரபி அகிபாவின் மாணவர், தல்மூத்துக்கு அடிப்படையான மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பில் நூற்றுக்கணக்கான இடங்களில் அவர் சட்டக் கருத்து வருகிறது. இதில் சந்தேகமே வேண்டாம். ரோமர் கெடுபிடிக்குத் தலைமறைவாக இருந்தார் என்பதும் நடந்திருக்கக்கூடியதே. மற்றவை கதை, கதையாகவே வளர்ந்தவை. எருசலேம் தல்மூத் என்ற இன்னொரு தொகுப்பில் இதே சம்பவம் வேறு மாதிரி இருக்கிறது. அங்கே நெருப்பு இல்லை, வயல் இல்லை. குகை வாசலில் உட்கார்ந்து ஒரு வேடன் பறவை பிடிப்பதை அவர் பார்க்கிறார். வானத்துக் குரல் "விடுதலை" என்றால் பறவை தப்புகிறது. ஒரு பறவைகூட வானத்தின் ஒப்புதல் இல்லாமல் சிக்காது, மனுஷன் மட்டும் எப்படி என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார். அவ்வளவுதான்.

இரண்டு தல்மூத்திலும் இல்லாத ஒன்று உண்டு. அவர் குகையில் ஒரு வரி எழுதியதாக எங்கேயும் பேச்சே இல்லை. எழுதுகோல் இல்லை, தோல் சுருள் இல்லை, மறைஞானமும் இல்லை. படித்தார்கள், அவ்வளவே. ஸோஹர் என்ற நூலை 1280 வாக்கில் ஸ்பெயினின் காஸ்டீல் பகுதியில் மேற்கோள்கள் தலைகாட்டும் வரை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. நடுவில் கழிந்தது ஆயிரத்து நூறு வருடத்துக்கும் மேல். குகையையும் நூலையும் ஒட்டவைத்தது பிற்காலம்.

ஒட்டியது பலமாகவே ஒட்டிக்கொண்டது. வட இஸ்ரேலின் கலிலேயாவில் மெரோன் மலையில் அவர் சமாதி என்று காட்டும் இடத்தில், வருடா வருடம் லாக் பஓமேர் என்ற யூதத் திருநாளில் லட்சக்கணக்கானோர் கூடுகிறார்கள். நெருப்பு வளர்க்கிறார்கள், மூன்று வயது ஆண் பிள்ளைகளுக்கு முதல் முடி இறக்குகிறார்கள். 2021இல் அங்கே நெரிசலில் 45 பேர் இறந்த செய்தியைப் படித்திருப்பீர்கள். அந்த நாள் அவர் இறந்த நாள் என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் அந்த வழக்கத்தைச் சொல்லும் பழைய பிரதிகளில் அது அவருடைய 'மகிழ்ச்சியின் நாள்' என்று இருந்ததாகவும், எபிரேயத்தில் ஹேத் என்ற ஒரே எழுத்து விட்டுப்போய் 'இறந்த நாள்' ஆகிவிட்டதாகவும் ஆராய்ச்சியாளர்கள் காட்டுகிறார்கள். சிம்ஹத், ஷெமெத். எழுதிப் பாருங்கள், ஒரு எழுத்துதான்.

சரி, நூலை யார் எழுதினார்? ஸோஹர் முழுக்க ரபி ஷிமோனும் அவர் தோழர்களும் கலிலேயாவில் நடந்துகொண்டே வேதம் பேசுகிறார்கள். வழியில் ஒரு கழுதைக்காரன், ஒரு சின்னப் பையன் என்று யாராவது குறுக்கே வருவார்கள். வாயைத் திறந்தால் ரபிகள் அசந்துபோகும்படி ரகசியம் பேசுவார்கள். கடைசியில் ரபி ஷிமோன் இறக்கும் காட்சி. எழுதிக்கொண்டிருந்த ரபி அப்பா சொல்வதாக வருகிறது: 'பரிசுத்த விளக்கு' (ரபி ஷிமோனைத்தான் சொல்கிறார்) ஜீவன் என்ற வார்த்தையைச் சொல்லி முடிக்கவில்லை, குரல் அடங்கிவிட்டது. இன்னும் எழுத வேண்டும் என்று காத்திருந்தேன், ஒன்றும் கேட்கவில்லை, வெளிச்சம் தாங்காமல் தலையை நிமிர்த்தவும் முடியவில்லை. "ஆசீர்வாதத்தையும் ஜீவனையும் கட்டளையிடுகிறார்" என்ற சங்கீத வரியில் நின்றுபோகிறது உயிர். இதை எழுதியவர் சாதாரண ஆள் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

ஆனால் 2ஆம் நூற்றாண்டுக் கலிலேயாக்காரர் இல்லை என்பதும் நிச்சயம். முதல் சாட்சி மொழி. ஸோஹரின் அரமேயம் யாரும் வீட்டில் பேசிய அரமேயம் இல்லை; புத்தகத்தில் கற்றுக்கொண்டது. இன்று ஒருவர் சங்கத் தமிழில் எழுத உட்கார்ந்து, அகநானூற்றுச் சொல்லையும் ஆழ்வார் சொல்லையும் கலந்துவிட்டு, நடுவே தெரியாத்தனமாக ஒரு செய்தித்தாள் வினைச்சொல்லையும் போட்டுவிடுவது போல இருக்கும். வகுப்பில் நான் எப்போதும் காட்டும் ஓர் இடம் உண்டு. தோழர்கள் ஒரு பெரியவரை மூன்று மைல் தூரம் கூடப் போய் வழியனுப்புகிறார்கள். அங்கே போட்டிருக்கும் அரமேய வினைச்சொல் ஓஸிஃப். அதன் பொருள் 'கடன் கொடுப்பது'. மூன்று மைல் கடன் கொடுத்தார்களா? விஷயம் இதுதான். எபிரேயத்தில் 'கடன் கொடு', 'கூடப் போ' இரண்டும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. எபிரேயத்தில் யோசித்து அரமேயத்தில் எழுதியவர், அகராதியில் தவறான பக்கம் கைவைத்துவிட்டார். பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் இதில் சிரிப்பார்கள். அரமேயம் தாய்மொழியாக இருந்த கலிலேயாக்காரருக்கு இந்தத் தப்பு வரவே வராது.

மற்றவை தகவல் பிழைகள். கப்பதோக்கியா சின்ன ஆசியாவில் உள்ள ஒரு மாகாணம். ஸோஹரில் அது கலிலேயாவில் நடந்துபோகும் தூரத்தில் ஒரு ஊர். இஸ்மவேல் வம்சத்தார், அதாவது அரபு முஸ்லிம்கள், புண்ணிய பூமியை ஆளுவது பற்றிப் பேச்சு வருகிறது. அது நடந்தது ரபி ஷிமோனுக்கு ஐந்நூறு வருடம் கழித்து. ஸோஹர் தொகுப்பின் ஒரு பகுதியில் ஜெப ஆலயத்துக்கு எஸ்நோகா என்று ஸ்பெயின், போர்ச்சுக்கல் பக்கத்து வழக்குச் சொல்லைப் போட்டு, அதை எபிரேயத்தில் 'நெருப்பொளி' என்று பிரித்து விளக்கமும் கொடுத்திருக்கிறது. அப்புறம் அந்த மருமகன். தல்மூத்தில் மாமனாருக்கு முதுகு தேய்த்துவிட்டு அழுதாரே, பின்காஸ் பென் யாயீர், அவர் ஸோஹரில் ரபி ஷிமோனுக்கு மாமனார்! தன் குடும்பத்தைப் பற்றித் தானே எழுதுகிறவர் மருமகனை மாமனார் என்று எழுத மாட்டார்.

இவற்றில் பலவற்றை எடுத்துக் காட்டியது நாத்திகர்கள் இல்லை. யாக்கோபு எம்டென் என்ற கண்டிப்பான ரபி, தானே மறைஞானத்தில் ஊறியவர், 1768இல் வெளியிட்ட நூலில் பெரிய பட்டியலே போட்டார். மூல ஸோஹர் பரிசுத்தமானது, பின்னால் பலர் கைவைத்துவிட்டார்கள் என்பது அவர் முடிவு. 20ஆம் நூற்றாண்டில் கெர்ஷோம் ஷோலெம் மொழியை அலசி, பெரும்பகுதி மோசே தெ லெயோன் என்ற ஸ்பானிய யூதர் எழுதியது, சில பகுதிகள் அவருக்குப் பின் இன்னொருவர் எழுதியவை என்று நிறுவினார். அவர் 1938இல் நியூயார்க்கில் பேசியவை 1941இல் நூலாக வந்தன. பிறகு யெஹூதா லீபெஸ், ஒரு ஆள் இல்லை, காஸ்டீலில் ஒரு நண்பர் வட்டமே சேர்ந்து எழுதியது என்று வாதிட்டார். ரபி ஷிமோனும் தோழர்களும் என்று நாம் படிப்பதே அந்த வட்டத்தின் சாயல் என்பார். 1558க்கும் 1560க்கும் இடையில் இத்தாலியில் மான்டுவாவிலும் கிரெமோனாவிலும் அச்சாகும் வரை 'ஸோஹர்' என்று ஒரே வடிவில் ஒரு புத்தகமே இல்லை, கட்டுக் கட்டாகப் பிரதிகள்தான் இருந்தன என்கிறவர்களும் இருக்கிறார்கள். காலமும் இடமும் ஏறக்குறைய முடிந்த விஷயம். எத்தனை கை என்பது முடியாத விஷயம். பக்தியுள்ள யூதர்களில் பெரும்பாலோர் இதையெல்லாம் ஏற்பதில்லை, ரபி ஷிமோன் சொன்னதுதான் என்பார்கள். அவர்களோடு வாதாட நான் வரவில்லை, நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

இப்போது மூன்றாவது, ஏமாற்றா? இதற்கு ஆதாரமாக எல்லோரும் காட்டுவது ஒரு நாட்குறிப்பு. எழுதியவர் கலிலேயாவின் துறைமுக ஊரான ஆக்கோவைச் சேர்ந்த ஈசாக்கு. 1291இல் எகிப்தை ஆண்ட மம்லூக்குகள் ஆக்கோவைப் பிடித்தபோது தப்பியவர். கலிலேயாவில் எழுதப்பட்டதாகச் சொல்லும் ஒரு நூலைப் பற்றித் தன் கலிலேயாவில் யாருக்கும் தெரியவில்லையே, ஸ்பெயினில் எப்படி முளைத்தது என்று விசாரிக்க 1305இல் ஸ்பெயினுக்கே வந்துவிட்டார். வயடோலித் ஊரில் மோசே தெ லெயோனை நேரில் பார்க்கிறார். பழைய பிரதி ஆவிலாவில் என் வீட்டில் இருக்கிறது, வா காட்டுகிறேன் என்று மோசே சத்தியம் செய்கிறார். வீடு திரும்பும் வழியில் அரேவாலோவில் நோய் கண்டு இறந்துபோகிறார்.

ஈசாக்கு ஆவிலா போய்ச் சேர்ந்தபோது அங்கே ஒரு பெரியவர் நடந்ததைச் சொல்கிறார். மோசே கையில் காசு தங்காத மனுஷர், விதவையும் மகளும் சாப்பாட்டுக்கே கஷ்டப்படுகிறார்கள். ஊரில் யோசேப்பு என்று ஒரு பணக்காரர். அவர் மனைவி விதவையிடம் போய், அந்த மூலப் பிரதியைக் கொடு, உன் மகளை என் மகனுக்குக் கட்டிக்கொள்கிறேன், ஆயுசு முழுக்கச் சோறு துணிக்குக் குறை இருக்காது என்கிறாள். விதவை சத்தியம் செய்து சொல்கிறாள்: அப்படி ஒரு பிரதியே கிடையாது, எல்லாம் அவர் தலையிலிருந்து எழுதியது. நானே கேட்டேன், எதிரில் ஒன்றுமில்லாமல் எழுதுகிறாயே, நீயே எழுதியது என்று சொன்னால் உனக்குத்தானே பெருமை என்று. அதற்கு அவர், என் கற்பனை என்று சொன்னால் ஒரு காசு தர மாட்டார்கள், ரபி ஷிமோன் பர் யோகாய் எழுதியதைப் படியெடுக்கிறேன் என்றால் நல்ல விலை தருகிறார்கள் பார் என்றார். மகளைத் தனியாகக் கேட்டபோதும் இதே பதில்.

படித்தால் வழக்கு முடிந்துவிட்டது போல இருக்கும். நான் அப்படி நினைக்கவில்லை. இது கேட்டவர் சொல்லக் கேட்டு எழுதியது. ஈசாக்கின் மூல நாட்குறிப்பும் நம்மிடம் இல்லை, இரண்டு நூற்றாண்டு கழித்து ஆபிரகாம் ஸகூத்தோ தன் வரலாற்று நூலில் எடுத்தெழுதியதுதான் இருக்கிறது. விதவையின் வாக்குமூலத்தில் எனக்குக் கனமாகப் படுவது அவள் சூழ்நிலை. பொய் சொல்லி ஏதாவது ஒரு ஏட்டுக் கட்டை நீட்டியிருந்தால் மகளுக்கு வாழ்க்கை கிடைத்திருக்கும். அவள் சொன்னது தனக்கு நஷ்டமான பதில். அதனால் மோசே எழுதினார் என்பதை நம்புகிறேன். காசுக்காக மட்டும் எழுதினார் என்பதை நம்பவில்லை. பசிக்கு எழுதுகிறவன் நூறு பக்கத்தோடு நிறுத்திக்கொள்வான். இது அச்சில் ஆயிரக்கணக்கான பக்கம் போகும். மனைவி 'ஏன் இப்படி' என்று கேட்டால் கணவன் சொல்லும் சுருக்கமான பதிலை வைத்து ஓர் ஆளை எடைபோடக் கூடாது. அந்தக் கழுதைக்காரனையும் சின்னப் பையனையும் பாருங்கள், மிருதுச்செடி கிழவரின் வம்சம். தல்மூத்தின் ஒரே ஒரு பக்கத்தை வருடக்கணக்கில் மனதில் போட்டு உருட்டிய ஒருவர், ரபி ஷிமோன் குகையில் என்ன படித்திருப்பார் என்று கேட்டுக்கொண்டு, விடையைத் தானே எழுதத் தொடங்கிவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ரபி ஷிமோன் பெயரை மேலே போட்டபோது அவர் மனதில் எவ்வளவு நம்பிக்கை, எவ்வளவு வியாபாரம் என்று பிரிக்க என்னிடம் தராசு இல்லை.

ஈசாக்கும் அந்தப் பதிலோடு நிற்கவில்லை. தலவேராவில் இன்னொரு அறிஞரைக் கேட்கிறார். அவரோ நூல் உண்மையானது என்கிறார், ஒரு சோதனையும் சொல்கிறார். மோசே படியெடுத்துக் கொடுத்ததில் ஒரு ஏட்டுக் கட்டை ஒளித்து வைத்துவிட்டு, தொலைந்துபோயிற்று, மறுபடி எழுதித் தா என்றேன், எழுதித் தந்தது எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தது என்கிறார். டோலேடோ ஊர்க்காரர்களிடம் ஈசாக்கு இதைச் சொன்னால், அவர்கள், அது என்ன சான்று, தான் எழுதியதற்கே ஒரு நகல் வைத்திருந்திருப்பார் என்று தட்டிவிடுகிறார்கள். கடைசியாக மோசேயின் மாணவர் ஒருவரைப் பற்றிக் கேள்விப்படுகிறார். அந்த மாணவர் வானத்தையும் பூமியையும் சாட்சி வைத்து, ரபி ஷிமோன் பர் யோகாய் எழுதிய ஸோஹர் நூல் என்று ஆணையிட ஆரம்பிக்கிறார். ஸகூத்தோவின் கையில் கிடைத்த ஏடு அந்த வாக்கியத்தின் நடுவில் முடிந்துவிடுகிறது.